மந்தைக்கு முன்னால் போனவர்

விக்னேஷ் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மலர்க் குழுச் செயலாளர். நான் வேலையை விட்டதைக் கேள்விப்பட்டுப் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி, மலருக்கு ஒரு ஆர்ட்டிகிள் வேணும். நம்ம பாரம்பரியக் கலையை அமெரிக்காவுல வளர்த்த அனுபவம்னு டாபிக் வச்சிருக்கோம்."

"நான் எதையும் வளர்க்கலை தம்பி. மாடு வரைஞ்சேன். குதிரை வரைஞ்சேன். தொப்பி போட்ட ஆளுங்களை வரைஞ்சேன்."

"அதான் ஆன்ட்டி, அதோட சேர்த்து தஞ்சாவூர் பெயின்டிங் பத்தியும் கொஞ்சம்..."

"தஞ்சாவூர் பெயின்டிங் எனக்குத் தெரியாது."

"சரி ஆன்ட்டி, தெரிஞ்சதையே எழுதுங்க. நம்ம பசங்க ரெண்டு பேர் ஆர்ட் படிக்கப் போறாங்க. யூஸ்ஃபுல்லா இருக்கும்."

எழுதிவிட்டேன். வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டெக்சாஸில் இந்தப் பிளானோ ஊருக்கு வந்த நாள் முதல் இதே கதைதான். கொலு வைத்த வீட்டிலும் பிறந்தநாள் பார்ட்டியிலும், "ஆர்ட்டிஸ்டா ஆன்ட்டி நீங்க, எங்க பூஜை ரூமுக்கு ஒரு பிள்ளையார் போட்டுக் குடுங்களேன்" என்பார்கள். நான் வரைவது வேறு என்று சொன்னதும் பேச்சு சாம்பார் பொடிக்குத் திரும்பிவிடும்.

நான் வரைந்தவற்றை எல்லைப்புறக் காட்சிகள் என்பார்கள். டெக்சாஸில் ரயில் போடுவதற்கு முன்பு மாட்டு மந்தைகளை வடக்கே பல நூறு மைல் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆற்றில் இறங்கும் மந்தை, கூண்டு வண்டி, குதிரை மேல் ஆட்கள், புழுதி. இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் புராணம். வங்கி, ஹோட்டல், ஸ்டேக் ஹவுஸ் என்று சுவர் கிடைத்த இடமெல்லாம் அதை வரைந்து வைப்பார்கள். ஸ்டேக் ஹவுஸ் மாட்டுக்கறி போடுகிற இடம் என்பதால் நம் ஆட்களில் பாதிப் பேர் உள்ளே போனதே இல்லை. அதனால் இத்தனை வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. இப்போது கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதினால் மந்தை வந்துவிடுகிறது. அதைப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒட்டுகிறார்கள். ஒட்டட்டும். அதற்காக உட்கார்ந்து அழ நான் இதை எழுதவில்லை.

நான் காங்கேயத்துக்காரி. சென்னையில் ஓவியம் படித்தேன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் சாமி படம் வரைந்தேன். கல்யாணமானதும் என் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு இங்கே லெகசி என்கிற ஆபீஸ் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. அவருடைய விசாவை நம்பி வந்தவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம். கிரீன் கார்டு வரும்வரை சமைத்தேன், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், கூட்டி வந்தேன். அந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கோபமாக இருந்தேன், அவ்வளவுதான்.

டோல்வே என்கிற சுங்கச் சாலையில் போகும்போது ஒரு தகரக் கொட்டகையின் மேல் பெரிய குதிரை போர்டு தெரியும். சுவரோவியங்கள் செய்யும் பட்டறை அது. கார்டு கைக்கு வந்த வாரம் அங்கே போய் நின்றேன். பட்டறை முதலாளி டார்லீன். அறுபதை நெருங்கிய உயரமான பெண்மணி. காகிதக் கோப்பை நிறைய ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருப்பார். அவர் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"என்ன வரைவே?" என்று கேட்டார்.

"கடவுள்."

"இங்கே கடவுளுக்கு ஆர்டர் வர்றதில்லை. மாடு வருமா?"

"வரும்."

பழுப்புக் காகிதத்தையும் ஒரு கரித்துண்டையும் நீட்டினார். நின்றபடியே வரைந்தேன். காங்கேயத்துக்காரிக்கு மாடு வரைய யோசனை எதற்கு? டார்லீன் அதைத் தள்ளி நின்று பார்த்தார்.

"இது எதுக்கு முதுகுல மூட்டை தூக்கிட்டுப் போகுது?"

"அது திமில்."

"எங்க மாட்டுக்கு அது கிடையாது." கொஞ்ச நேரம் ஐஸைக் கடித்தார். "ஆனா இது நடக்குது. திங்கக்கிழமை வா."

மாடு தெரிந்ததே தவிர எனக்குக் குதிரை தெரியாது. அதனால் டார்லீன் தனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்கு என்னை அனுப்பினார். வரைவதற்கு இல்லை, லாயம் கழுவ. ஒரு கோடைகாலம் முழுவதும் லத்தி அள்ளினேன்.

"இன்ஜினியர் பொண்டாட்டி லத்தி அள்ளுதுன்னு கோயில்ல யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றார் செல்வராஜ்.

"ஆமான்னு சொல்லுங்க. நம்பலைன்னா பக்கத்துல வந்து மோந்து பாக்கச் சொல்லுங்க."

அந்தக் கோடை முடிந்தபோது, குதிரை ஒரு காலைத் தூக்கும்போது மற்ற மூன்று காலும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. படத்தைப் பார்த்துப் படம் வரைகிறவர்களுக்கு அது தெரியாது. ஆர்ட் படிக்கப் போகும் அந்த இரண்டு பேருக்கும் நான் சொல்ல இருப்பது இதுதான்: போய் லாயம் கழுவுங்கள்.

பட்டறையில் வேலை நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சின்னதாக ஒரு படம். அடுத்து சுவர் அளவுக்கே பழுப்புக் காகிதத்தில் கரியால் முழுப் படம். வாடிக்கையாளர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் துணி. பெரிய துணித் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பட்டறைச் சுவரில் அடித்து, வானத்தில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும், தூரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வர வேண்டும். புழுதி கடைசியில். புழுதியைக் குளம்பிலிருந்து கிளப்ப வேண்டும், மேலே அப்பி வைக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் துணியைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டுபோய் அந்தக் கட்டடத்தில் பசை போட்டு ஒட்டுவோம்.

தினமும் காலையில் டார்லீன் ஒரு கைக்கண்ணாடியோடு வருவார். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியில் படத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடப்பார். இடம் வலம் மாறித் தெரியும்போது, நம் கண்ணுக்குப் பழகிப்போன தப்பெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். "பின்னங்கால் குட்டை." "இந்த ஆளுக்குக் கழுத்து இல்லை." இவ்வளவுதான் பேசுவார். நன்றாக இருக்கிறது என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. ஒன்றும் சொல்லாமல் கடந்து போனால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இது புரிவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை தினமும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு வங்கி வேலையைச் சொல்கிறேன்.

பிளானோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தும் வங்கி. புதுக் கட்டடம் கட்டி, முன்கூடத்துச் சுவர் முழுக்க, மந்தை ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டும் என்றார்கள். நானும் டார்லீனும் போனோம். வங்கித் தலைவர் நடைவழியில் மாட்டியிருந்த ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். மந்தையோடு போன ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். சமையல் வண்டிக்குப் பக்கத்தில் பெரிய மீசையோடு ஒல்லியாக ஒருவர். அவர்தான் தலைவரின் கொள்ளுத் தாத்தா. வங்கி அவர் பெயரில்தான் இருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் ஒரு கறுப்பின மனிதர், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறார்.

"இவர் ஐசக்" என்றார் தலைவர். "மந்தைக்கு முன்னால போறவர். எங்க கொள்ளுத் தாத்தாவுக்குத் தண்ணின்னா பயம். ஐசக் இறங்கினாத்தான் மாடு இறங்கும், மாடு இறங்கினாத்தான் தாத்தா இறங்குவார்னு வீட்ல சொல்லிச் சிரிப்போம்."

சொல்லும்போதும் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

"படத்துல இருக்கிறவங்களை அப்படியே கொண்டு வந்துடுங்க" என்றார்.

சுவரை அளந்தோம். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை டார்லீன்.

ஆறு துண்டுகளாகப் பிரித்தேன். மந்தை வலமிருந்து இடமாகப் போகிறது. இடக்கோடியில் முதல் துண்டில் ஐசக்கின் குதிரை கரையேறுகிறது. அவருக்குப் பின்னால், இரண்டாவது துண்டில், மந்தையை நடத்தும் தலைமாடு தண்ணீரை விட்டு வெளியே வருகிறது. அதற்குப் பின்னால் மற்ற மாடுகள். வலக்கோடியில் சமையல் வண்டியும் கொள்ளுத் தாத்தாவும். கரிப் படத்தைப் பார்க்கத் தலைவரும் வங்கிக் குழுவினரும் பட்டறைக்கு வந்தார்கள். தாத்தாவின் மீசையைப் பாராட்டினார்கள். எல்லாம் சரி என்றார்கள். கரியில் எல்லா முகமும் ஒரே சாம்பல் நிறம். முன்னால் போகிறவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வர்ணம் முக்கால்வாசி முடிந்தபோது மறுபடியும் வந்தார்கள். அங்கேதான் என் பழக்கம் என் காலை வாரிவிட்டது.

சிவகாசியில் சாமி படம் வரைகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்கள். நகை, புடவை, பூ எல்லாம் முடிந்து, கடைசியாகக் கண் திறப்பது. திறந்துவிட்டால் அந்த உருவத்தின் மேல் மறுபடி தூரிகை வைக்கக் கூடாது. எனக்குக் கையோடு வந்த பழக்கம். சாமிக்கு என்ன செய்தேனோ அதைத்தான் குதிரைக்காரனுக்கும் மாட்டுக்கும் செய்தேன். டார்லீனும் முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். அன்று அந்தச் சுவரில் ஒருவருக்கும் கண் இல்லை. மற்றதெல்லாம் முடிந்திருந்தது.

தலைவர் முதல் துண்டுக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இவர் முகம் இன்னும் முடியலை, இல்லையா? இது அடி வர்ணம். மேல வெளுப்பா வரும்."

"முகம் முடிஞ்சுது. கண்ணு மட்டும்தான் பாக்கி."

"கண்ணே இல்லையே. அப்போ முடியாத முகம்தானே?"

என் பழக்கத்தை விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்படின்னா வசதியாப் போச்சு. முடியறதுக்குள்ள மாத்திடலாம். அந்த இடத்துல எங்க கொள்ளுத் தாத்தா இருக்கட்டும். நிறத்தை மாத்தி மீசை வச்சுடுங்க."

"அவர் வண்டிகிட்ட இருக்கார். தண்ணின்னா பயம்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது வீட்டுக்குள்ள சொல்ற கதை. இது பேங்க். கதவைத் திறந்ததும் கண்ணுல படறது முன்னால இருக்கிறவர்தான். யார் பேர்ல பேங்க் நடக்குதோ அவர் அங்கே இருக்கணும்."

"அப்போ ஐசக்?"

"பின்னால எங்கேயாவது வைங்க. வேண்டாம்னு நான் சொல்லலையே."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். டார்லீன் ஐஸைக் கடித்துக்கொண்டே, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து செல்வராஜிடம் சொன்னேன்.

"மீசைதான ஜோதி? வச்சுட்டு வந்துரு. அவங்க செவுரு, அவங்க படம்."

"ஏனுங்க, நீங்க எழுதுன ப்ரோகிராமை உங்க மேனேஜர் அவன் பேரைப் போட்டு அனுப்பிச்சானே, அப்ப மூணு மாசம் சோறு எறங்கலைன்னு என்ற உசிரை வாங்குனீங்களே. அது மட்டும் என்ன? பேருதான?"

அவர் தட்டைக் கழுவப் போனார். கழுவிவிட்டு வந்து, "அந்த மேனேஜர் பேச்சை எடுக்காத" என்றார். நான் கேட்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு அந்த ஐசக் யாரோ. ஆனால் அப்போதே பத்து வருடமாக ஆற்றில் இறங்கும் மந்தை வரைந்துகொண்டிருந்தேன். முன்னால் போகிறவன் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். அடியில் புதைமணல் இருந்தால் முதலில் மாட்டிக்கொள்கிறவன் அவன். மாடு மிரண்டு திரும்பினால் மிதிபடுகிறவன் அவன். அந்த உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, கரையில் நின்ற ஆளின் முகத்தை அதில் ஒட்டச் சொல்கிறார்கள். அந்தத் திருட்டை என் கையால் செய்யச் சொல்கிறார்கள். முடியாது.

மறுநாள் காலையில் டார்லீன் கண்ணாடியோடு வந்தார். முதல் துண்டுக்கு முன்னால் அவரை நிறுத்தினேன்.

"இந்த முகத்துல தப்பு இருக்கா?"

"ஜோ, அவங்க நல்ல வாடிக்கைக்காரங்க. ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க."

"அதைக் கேக்கலை. தப்பு இருக்கான்னு கேட்டேன்."

திரும்பி நின்று கண்ணாடியில் பார்த்தார். ஏணியை இழுத்துப் போட்டு ஏறிக் கிட்டே போய்ப் பார்த்தார். "காதுக்குக் கீழே நிழல் பத்தாது" என்றார்.

"காது தவிர?"

கீழே இறங்கினார். ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

காதுக்குக் கீழே நிழலை இருட்டினேன். பிறகு சின்னத் தூரிகையை எடுத்து ஐசக்கின் கண்ணைத் திறந்தேன். முதலில் வலது, பிறகு இடது. புகைப்படத்தில் பார்ப்பது போலவே நேராகப் பார்த்தார். சுவரில் மற்ற எல்லாரும் குருடாக நிற்க, அவர் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலைமுறையில் இப்படி ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே திறந்தது அந்த ஒரு தடவைதான்.

டார்லீன் என் எதிரிலேயே வங்கிக்குப் போன் செய்தார். "முகம் முடிஞ்சிருச்சு. கண்ணு வச்சாச்சு. எங்க பட்டறையில கண்ணு வச்ச முகத்தை மாத்தறதில்லை." அப்படி ஒரு விதி பட்டறைக்குக் கிடையாது. எனக்குத்தான் உண்டு.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. டார்லீன் படித்துக் காட்டினார். சுவர் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறதாம். ஐந்து துண்டுகள்தான் பிடிக்குமாம். முதல் துண்டு வேண்டாமாம். எல்லாருடைய உழைப்புக்கும் நன்றியாம்.

"நீங்களும் நானும்தான அளந்தோம்?" என்றேன்.

"அளந்தோம். ஆனா எத்தனை துண்டு ஒட்டணும்ங்கிறது அவங்க இஷ்டம். நான் அதுல ஒண்ணும் சொல்ல முடியாது."

"மீதியை முடிக்க எனக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஒரு வாரம்."

"போதும்."

தலைமாட்டுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. கண் திறக்காத உருவத்தை நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவது துண்டில் இருந்த அந்த மாட்டை முழுவதும் ஆற்றுத் தண்ணீரின் நிறத்தால் மூடினேன். காய்ந்ததும் மறுபடி வரைந்தேன், அதே மாடு, நாலு எட்டு முன்னால். முன்னங்கால்களும் உடம்பும் இரண்டாவது துண்டில். கழுத்து சரியாக இரண்டு துண்டும் சேரும் இடத்தில். தலையும், இரண்டு பக்கமும் விரிந்த நீளக் கொம்பும் முதல் துண்டில், ஐசக்கின் குதிரைவாலுக்குக் கிட்டே. என் வாழ்க்கையில் வரைந்த மாடுகளிலேயே நல்ல மாடு அதுதான். ஈரமான கழுத்து, புடைத்த நரம்பு, கரையில் ஊன்றிய குளம்பு. பார்க்கிறவன் கண்ணை அந்த மாட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்றே வரைந்தேன்.

டார்லீன் காலையில் வந்து வழக்கம்போல முதுகைக் காட்டி நடந்தார். தலைமாட்டிடம் வந்ததும் நின்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்பி நேராகவே பார்த்தார்.

"இது நேத்து பின்னால இருந்துச்சு."

"மந்தை ஒரே எடத்துல நிக்குமா?"

அவர் வாயில் ஐஸ் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "கொம்போட நிழல் தப்பான பக்கம் விழுது. மாத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார். நான் நிழலை மாற்றினேன்.

ஒட்டப் போன நாளில் வங்கி ஊழியர்கள் எல்லாரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். தலைவரும் வந்திருந்தார். சொன்னபடியே இரண்டாவது துண்டிலிருந்து ஆரம்பித்தோம். பசை தடவி, துணியை ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் தேய்த்தேன். நான் ஏணியிலிருந்து இறங்கியதும் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கரையில் ஒரு பெரிய மாடு ஏறுகிறது. கழுத்தோடு முடிந்துவிடுகிறது.

கேஷியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "இதுக்குத் தலை எங்கே?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் டார்லீனைப் பார்த்தேன்.

"முதல் துண்டுல இருக்கு" என்றார் டார்லீன். "வேன்ல வச்சிருக்கோம். வேணுமா, வேண்டாமா?"

மாட்டை வைத்துப் பிழைத்த குடும்பம். மாட்டுக்காரர்கள் தினமும் வந்து போகும் வங்கி. கதவைத் திறந்ததும் தலை வெட்டின மாடு. தலைவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்து சிவந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் திருப்பித் திட்டத் தயாராகவும் இருந்தேன்.

"கொண்டு வாங்க" என்றார்.

ஆறு துண்டும் ஏறின. மூட்டுத் தெரியாமல் தேய்த்துவிட்டு, எல்லாருக்கும் கண் திறந்தேன். தலைமாட்டுக்கு, மற்ற ஆட்களுக்கு, கடைசியில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கொள்ளுத் தாத்தாவுக்கு. அவரையும் நான் குறைத்து வரையவில்லை. தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற, ஆனாலும் ஊருக்குத் திரும்பிப் போகாத ஒரு மனிதர். தலைவரின் அத்தை ஒருவர் அந்த மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது தலைவர் என் பக்கத்தில் வந்தார். ஐசக்கின் குதிரைக்கு முன்னால் இன்னும் ஒரு முழம் வெறும் சுவர் பாக்கி இருந்தது.

"சுவர் பத்திருச்சு சார்" என்றேன்.

அவர் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். "பத்திருச்சு" என்றார்.

பிறகு போய் ஐசக்கின் முகத்துக்கு நேராக நின்றார். தொப்பியைக் கழற்றினாரா, கண் கலங்கினாரா என்றெல்லாம் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். ஐசக்கும் பார்த்தார்.